எங்கள் வீட்டின் முதல் சம்பளக்காரி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது ஒரு பெண். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல்காட்டில் மானாவாரி நிலம் கொஞ்சம், அதில் பருத்தியும் கம்பும். மழை பொய்த்தால் ஆண்கள் வேலை தேடி வெளியூர் போவார்கள், பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் 1966இல் அரசாங்க நர்ஸ் ஆனாள். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும், தம்பிகளின் படிப்புக்கும் தங்கச்சியின் கல்யாணத்துக்கும் ஓட்டைப் பிரித்து மொட்டை மாடி போட்டதற்கும், அந்தச் சம்பளக் கவர்தான் காரணம்.

ஆச்சி போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'தியாகச் சுடர்' என்று போட்டிருந்தார்கள். அம்மாவின் கடைசி மாமா சொல்லி அச்சடித்தது. பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆச்சியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. தியாகம் செய்கிறவர்கள் பயணப்படி பாக்கிக்காக மூன்று வருடம் விடாமல் மனு எழுதிப் போட மாட்டார்கள். ஆச்சி போட்டாள், வாங்கவும் செய்தாள்.

துணை நர்ஸ் பயிற்சிக்கு அன்றைக்கு எட்டாம் வகுப்பு இருந்தால் போதும். அந்த வகுப்புத் தேர்வான ஈஎஸ்எல்சியில் ஆச்சி தேறியிருந்தாள். இரண்டு வருடப் பயிற்சி, தங்க இடம், கைச்செலவுக்கு உதவித்தொகை. அந்த உதவித்தொகையிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆனால் ஊர் என்ன பேசியது என்பதுதான் கதை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் நர்ஸ் என்றாலே மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகள்தான். மற்றவர்கள் வீட்டில், ராத்திரி வேலைக்குப் போகிறவள், ஆம்பிளை உடம்பைத் தொடுகிறவள், பீ மூத்திரம் அள்ளுகிறவள் என்று பேச்சு. பூட்டியாச்சி, அதாவது ஆச்சியின் அம்மா, "இவள யாரு கெட்டுவா" என்று அழுதிருக்கிறாள். அழுததில் நியாயம் இருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு மூன்று இடம் வேலையைக் கேட்டதுமே காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனதாம். கடைசியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்த தாத்தா, "வேலைய விடச் சொல்ல மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் சம்மதம் சொன்னார். தாத்தா அதிகம் பேசாத மனிதர். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று ஆச்சி கேலி செய்வாள்.

இப்போதெல்லாம் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று கணக்கு இருக்கிறது. ஆச்சி சேர்ந்தபோது அவள் தலையில் விழுந்த ஊர்களுக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. பஸ் போகிற ஊருக்கு பஸ், போகாத ஊருக்கு நடை. கரிசல் மண்ணில் மழைக்கு அப்புறம் நடந்தவர்களுக்குத் தெரியும், அது செருப்பை விடாது. ஆச்சி செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடப்பாளாம். போன ஊரில் முதல் வேலை கால் கழுவுவது, அடுத்தது கை கழுவுவது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவதை அந்த ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் முற்றத்தில் வைத்தே கழுவுவாள்.

அவள் முதலில் சண்டை போட்டது ரணஜன்னியோடு. வீட்டிலேயே பிரசவம், கையில் கிடைத்த கத்தியோ அரிவாளோ கொண்டு தொப்புள்கொடி அறுப்பு, அதன்மேல் சாம்பல், சில வீடுகளில் சாணி. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஏழெட்டு நாளில் வாய் திறக்க மாட்டாமல் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போகும். பேய் அடித்தது என்பார்கள். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் இரண்டு தடுப்பூசி, கொடி அறுக்கப் புது பிளேடு, கட்ட வேகவைத்த நூல், இவ்வளவுதான் மருந்து. ஆனால் வீட்டுக்குள் ஆச்சியை விட வேண்டுமே. பிரசவம் பார்ப்பது அந்தந்த ஊர் மருத்துவச்சி. சின்ன வயது நர்ஸ் பிள்ளை சொல்வதை யார் கேட்பார்கள்?

இங்கேதான் ஆச்சியின் மூளை. மருத்துவச்சியைத் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. அவரை 'அத்தை' என்று கூப்பிட்டு, அவர் பிரசவம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையாளாக வேலை செய்தாள். பிளேடும் சோப்பும் நூலும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அவர் கையிலேயே கொடுத்து, "நீங்க அறுத்தாத்தான் அத்தை ராசி, இதால அறுங்க" என்றாள். ஒரு வருடம் கழித்து அதே மருத்துவச்சி வலி வந்த வீட்டில் போய் முதல் ஆளாக, "நர்ஸம்மாவக் கூப்பிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். நாட்டு மருத்துவச்சிகளுக்கு அரசாங்கமே பெரிய அளவில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது எழுபதுகளின் கடைசியில். அதற்கு வெகுநாள் முன்னாலேயே ஆச்சி அதைத் தன் போக்கில் செய்துகொண்டிருந்தாள். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "லேட்டாத்தான் சொல்லுதாவ" என்றாள்.

பிரசவ வீட்டில் ஆச்சியைப் பார்த்தவர்கள் சொல்வது அவள் கையைப் பற்றித்தான். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் முகம் பார்க்கக் கட்டியிருப்பாள். புனல் மாதிரி ஒரு சின்னக் குழாய், அதன் அகன்ற வாயை நிறைமாத வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்திக் குனிந்துகொள்வாள். கை எதையும் தொடாது. கண் மட்டும் கடிகார முள்ளில் இருக்கும். பிள்ளையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120லிருந்து 160க்குள் இருக்க வேண்டும். அறையில் யாராவது வாயைத் திறந்தால் ஒற்றை விரலைத் தூக்குவாள், மாமியார் வேலைக்கு வந்த கிழவிகள்கூட அடங்கிவிடுவார்கள். துடிப்பு இறங்குகிறது என்று தெரிந்தால் அடுத்த நொடி வண்டி கட்டச் சொல்லிவிடுவாள். தன்னால் முடியும் என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். "எப்ப அனுப்பணும்னு தெரிஞ்சவதான் நர்ஸு" என்பது அவள் பாடம்.

எமர்ஜென்சி காலத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டாள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மாதம் இத்தனை பேர் என்று இலக்கு. 'கேஸ் பிடிப்பது' என்பார்கள். நேற்றுவரை பிள்ளைக்கு மருந்தும் தாய்க்கு மாத்திரையும் கொடுத்த வீட்டில் இன்றைக்கு ஆளைப் பிடிக்கப் போய் நிற்க வேண்டும். தூரத்தில் ஆச்சியின் வெள்ளைச் சேலை தெரிந்தாலே ஆண்கள் கம்மங்காட்டுக்குள் இறங்கிவிடுவார்களாம். மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தி, கேஸ் ஏன் குறைவு என்று கேட்பார்கள். "பத்து வருசம் நடந்து நடந்து சம்பாதிச்ச பேர ஒரே வருசத்துல கெடுத்துட்டாவ" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். அந்த இலக்கு முறையை மத்திய அரசு கைவிட்டது 1996இல். ஊர்களில் இழந்த பெயரை மீட்க ஆச்சிக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. பிரசவ வலி வந்தால் கோபம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்ன.

வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் ஆச்சி வைத்ததுதான் சட்டம். மூத்தவள் என்பதால் மட்டும் அல்ல, மூத்தவர்கள் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறார்கள். அவள் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் நாலு நாளில் நிரூபணமும் ஆகிவிடும். அதனால்தான் தம்பிகள், தம்பி பெண்டாட்டிகள், மகன்கள், மருமகள்கள், சம்பந்தி வீடு வரைக்கும் பயந்தார்கள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ரத்தம் பார்ப்பாள். இன்றைக்கு மிஷினில் சொட்டு விட்டால் எண் வந்துவிடுகிறது. அன்றைக்கு அது ஒரு கைவேலை. மோதிர விரல் நுனியில் ஊசியால் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டை மெல்லிய கண்ணாடிக் குழலில் கோடு வரைக்கும் உறிஞ்ச வேண்டும். ஒரு நூல் கூடினாலும் தப்பு. அதை ஆசிட் ஊற்றிய சின்னச் சோதனைக் குழாயில் ஊத வேண்டும். சற்று நேரத்தில் சிவப்பு போய்க் காப்பி நிறமாகும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, இரண்டு பக்கமும் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். நிறம் சேர்ந்ததும் குழாயில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ஹீமோகுளோபின் அளவு. ஆச்சி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பது இப்போதும் எனக்கு அப்படியே தெரிகிறது. எண்ணைச் சொல்வாள், தாத்தா பழைய கடைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். மளிகைப் பாக்கிக்கு அடுத்த பக்கத்தில் மருமகள்களின் ரத்தக் கணக்கு!

மருமகள்களுக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த நோட்டினால் ஒரு காரியம் நடந்தது. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பெண்கள் மிச்சத்தைத் தின்பது என்ற பழக்கத்தை ஆச்சி நிறுத்தினாள். எண்களை வாசித்துக் காட்டி, "ரத்தம் இல்லாதவ கடைசியில தின்னா சட்டியில என்ன இருக்கும், கீறலா?" என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பந்தி. கறி எடுத்தால் ஈரல் மருமகள்களுக்கு. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை. இரும்புச்சத்து மாத்திரை போட்டுவிட்டு டீ குடித்தால் கத்துவாள், டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. வெளியிலோ அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பெண்கள் வாங்கிச் சேலை முந்தானையில் முடிந்து குப்பைக்குழியில் போட்டுவிடுவார்கள். ஆச்சி அவர்களிடம் என்னைப் பெற்ற அம்மாவை இழுத்துக் காட்டுவாள். "நூறு மாத்திர தின்னு பெத்தது, நல்லாப் பாரு, கறுப்பா?" அம்மா நல்ல நிறம். ஆச்சி செய்தது முழு நேர்மையான வாதம் இல்லைதான், ஆனால் வேலை செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எத்தனை வீட்டில் இன்னும் பெண்கள் கடைசிப் பந்தி என்று அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குத் தோன்றும்.

பெரிய சண்டை ஒன்று நடந்தது. பூட்டியாச்சிக்கு ஒரே ஆசை, ஆச்சியின் கடைசித் தம்பிக்கு என் அம்மாவைக் கட்டிவைக்க வேண்டும் என்று. அக்கா மகள், முறைதான், ஊரில் பாதிக் கல்யாணம் அப்படித்தான். மாமாவுக்கும் இஷ்டம். ஆச்சி முடியாது என்றுவிட்டாள். தன் ஊர்களில் நெருங்கிய சொந்தத்தில் கட்டிய வீடுகளில் காது கேளாத பிள்ளை, நடக்காத பிள்ளை, பிறந்து பிறந்து சாகிற பிள்ளை என்று பார்த்துப் பார்த்து மனதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லாச் சொந்தக் கல்யாணத்திலும் அப்படி ஆகாது, ஆனால் ஆகிற வாய்ப்பு கூடும் என்பதை அந்தக் காலத்திலேயே சரியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறாள். யார் கேட்டார்கள்? "நீ ஆளாக்குன தம்பிக்கு நீயே பொண்ணு குடுக்க மாட்டியா" என்று பூட்டியாச்சி இரண்டு வருடம் பேசவில்லை. ஆச்சி மனம் கலங்கினாளே தவிர முடிவை மாற்றவில்லை. சொந்தத்தில் கட்டுவதில் தமிழ்நாடு இன்றைக்கும் நாட்டின் முன்வரிசையில்தான் நிற்கிறது. அந்த மாமாதான் இந்தப் போஸ்டர் அடித்த மாமா.

அம்மாவிடம் கேட்டால் வேறு ஆச்சி வருவாள். "ஊர்ல உள்ள பிள்ளைக்கெல்லாம் காய்ச்சல்னா ஓடுவா, எனக்குக் காய்ச்சல்னா அன்னைக்குத்தான் அவளுக்கு கேம்ப்" என்பாள். அம்மாவை வளர்த்தது அவளுடைய அப்பத்தாதான். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது, பெரியவளானபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அவர். ஆச்சி அன்றைக்கு ஒரு சிக்கலான பிரசவத்தோடு ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறாள். அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். அர்ப்பணிப்பு என்று நாம் பாராட்டுவதற்கெல்லாம் வீட்டில் யாரோ ஒரு பிள்ளை விலை கொடுத்திருக்கும்.

எங்கள் தலைமுறைக்கு ஆச்சி என்றால் ஊசி. பேரன் பேத்தி அத்தனை பேரின் இடது புஜத்திலும் பிசிஜி தழும்பு ஒரே இடத்தில், அளவெடுத்து வைத்தது போல இருக்கும். 1995 டிசம்பரில் முதல் போலியோ முகாம் நாளில் நான் கைக்குழந்தை இல்லை, அடம் பிடித்து ஓடியது லேசாக நினைவிருக்கிறது. இடது சுண்டுவிரலில் மை வைத்தாள். பின்னாளில் மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்தையும் அதற்குள் சின்னச் சதுரத்தையும் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. சூடு பட்டுச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். "மருந்து கெட்டாலும் சொட்டு சொட்டாத்தான் இருக்கும், பாத்தா தெரியாதுட்டி" என்பாள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் சான்றிதழ் வந்தபோது ஆச்சி ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகுதான் அவள் செய்த நர்ஸ் வேலையை நாங்கள் முழுதாக நேரில் பார்த்தோம். தாத்தாவின் அம்மா, அம்மாவை வளர்த்த அதே அப்பத்தா, தொண்ணூறு தாண்டிப் படுக்கையில் விழுந்தார். ஆச்சி சுவரில் ஒரு அட்டை மாட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், மல்லாக்க, வலம் என்று திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், திருப்பியவர் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணி, நாலு மணிக்கு யார் என்று முறை வைத்தாள். வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் முறை உண்டு. சேலையைச் சுருக்கம் இல்லாமல் விரிப்பது, இடுப்பெலும்பையும் குதிகாலையும் தினம் விளக்கு வைத்துப் பார்ப்பது, சிவந்த இடத்தைத் தேய்க்காமல் இருப்பது எல்லாம் நாங்கள் அப்படிக் கற்றதுதான். பல மாதம் படுத்திருந்த அந்த உடம்பில் கடைசிவரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை. தன் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவருக்கு ஆச்சி கணக்குத் தீர்த்தாள் என்று அம்மா சொன்னாள்.

ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ராத்திரி ஷிப்டில் ஒரு தளம் முழுவதற்கும் இரண்டே நர்ஸ்கள், இரண்டும் சின்னப் பிள்ளைகள். ஐந்தாம் நாள் ஆச்சியின் முதுகடியில் தோல் சிவந்திருந்தது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நின்று தண்ணீர் குடிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. ஆச்சிக்குப் பேச்சு குழறும், ஆனாலும் டிரிப்ஸ் மாற்ற வந்த பிள்ளையிடம் கேட்டாள், "எவ்ளோ தாயி சம்பளம்?" அந்தப் பெண் சொன்ன தொகையைக் கேட்டு ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வாள்.

உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். கேரளத்தில் நர்ஸ்கள் போராடி 2018இல் சம்பள உயர்வு வாங்கினார்கள். இங்கே அரசாங்கமே 2015இல் நர்ஸ்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் டிஎம்எஸ் என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டு உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கே அந்தத் தொகை தெரிந்தது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் இன்று ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம், அந்த எண்ணை உண்டாக்கியவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்துவிட்டு.

ஆச்சிக்கு 1966இலேயே அரசாங்கம் நிரந்தர வேலையும், பின்னால் பென்ஷனும் கொடுத்தது. அதனால்தான் அவளால் வீட்டில் நிமிர்ந்து நிற்க முடிந்தது, மாமியாருக்குக் கட்டில் போட்டு ராத்திரி முறை வைக்க முடிந்தது, தன் அம்மாவிடமே முடியாது என்று சொல்ல முடிந்தது. இன்றைக்கு அதே வேலையை ஒப்பந்தத்தில் செய்கிற பெண்ணால் முடியுமா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ரூம் வாடகை எவ்வளவு என்று கேட்கிற கவுண்டரிலேயே, ராத்திரி ஷிப்டில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ், அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.